கத்தரிக்கு எந்தப் பொறி? ஆண் அந்துப்பூச்சியின் கொம்பைப் பார்த்து ஒரு முடிவு

பெரியப்பா மகன் போன மாதம் ஒரு கேள்வியோடு வந்தார். எண்பது சென்ட்டில் கத்தரி போட்டிருக்கிறார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிற காய். நட்டு நாற்பது நாள்தான் ஆகிறது, அதற்குள் நுனிக்குருத்து அங்கங்கே தலை தொங்க ஆரம்பித்துவிட்டது.

"தம்பி, கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கேன். சோலார் விளக்குப் பொறி ஒண்ணு வாங்கலாமா? இல்லேன்னா அந்த இனக்கவர்ச்சிப் பொறிய முப்பது வாங்கிக் காடு பூரா நட்டு, ஆம்பளைப் பூச்சி எல்லாத்தையும் வழிச்சு எடுத்துறலாமா? பருத்திக்காரங்க செடியில கயிறு மாதிரி ஒண்ணு கட்டுறாங்களே, அதுவும் நல்லாருக்குன்னு சொல்றாங்க. எதுல போடட்டும் காச?"

நாலாவதாக ஒரு வழியும் உண்டு. ஐந்தே ஐந்து பொறி வைத்து, விழுகிறதை எண்ணிக்கொண்டிருப்பது. அதை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. செலவு குறைந்த எதையும் எங்கள் பக்கம் மருந்தாக மதிப்பதில்லை.

விளக்குப் பொறியும் இனக்கவர்ச்சிப் பொறியும் நான் ஆறு வருஷமாக வைத்துப் பார்த்தவன். கயிறு கட்டுவதைப் பக்கத்துப் பருத்திக் காட்டில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அண்ணனுக்குப் பதில் சொல்லும்போது என் அனுபவத்தைவிட ஒரு பட்டுப்பூச்சிதான் அதிகம் உதவியது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். விற்றதுபோக ஒதுக்கிப் போட்ட கூடு பத்துப் பன்னிரண்டு அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு முறத்தில் கிடந்தது. ஒரு காலை நான் போனபோது பூச்சிகள் வெளிவந்திருந்தன. பெண், வயிறு பருத்து, நகராமல் உட்கார்ந்திருந்தது. வால் நுனியில் மஞ்சளாக இரண்டு சிறு முண்டுகள் வெளியே துருத்தியிருந்தன. ஆண்கள் நாலைந்து, முறத்தின் மறுகோடியில். பட்டுப்பூச்சிக்குப் பறக்க வராது, மனிதன் வளர்த்து வளர்த்து அந்தத் திறமை போய்விட்டது. ஆனால் சிறகு அடிக்கத் தெரியும். அந்த ஆண்கள் சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு, வளைந்து வளைந்து, பெண் இருந்த பக்கமாகவே நடந்து வந்தன. நண்பர் ஒரு கண்ணாடித் தம்ளரைப் பெண்ணின்மேல் கவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக அடங்கிவிட்டன. பெண் கண்ணுக்கு முன்னாலேயே, கண்ணாடிக்குள், பளிச்சென்று தெரிகிறது. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தம்ளரை எடுத்ததும் மறுபடி ஆட்டம் தொடங்கியது. முதலில் துடித்தது பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்த ஆண் அல்ல. காற்று வாட்டத்தில், தள்ளி இருந்த ஒன்று.

அந்தச் சிறகடிப்பு வெறும் ஆர்ப்பாட்டமல்ல. சிறகடிக்கும்போது முன்னாலிருக்கிற காற்று உணர்கொம்புகளின் ஊடாகப் பின்னால் இழுக்கப்படுகிறது. நாம் மூச்சை இழுத்து மோந்து பார்ப்பதைப் போலத்தான், மூக்கு மட்டும் வெளியே இருக்கிறது.

அந்தக் கொம்பை ஒரு கைலென்ஸில் பார்த்தால் இருபுறமும் பல்லுள்ள பேன்சீப்பு மாதிரி இருக்கும். சீப்பின் ஒவ்வொரு பல்லிலும் மெல்லிய மயிர்கள் வரிசையாக நிற்கும், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளத்தில். பட்டுப்பூச்சி ஆணின் ஒரு கொம்பில் மட்டும் இப்படிப்பட்ட மயிர்கள் சுமார் 17,000. கொம்பின் வழியே கடந்துபோகிற வாசனை மூலக்கூறுகளில் கால்பங்குக்குமேல் இந்தச் சல்லடையில் சிக்கிவிடும். சிக்கியது மயிரின் மேல்தோலில் உள்ள நுண்துளை வழியாக உள்ளே இறங்கும். உள்ளே ஒரு திரவம். அதில் இதற்கென்றே ஒரு புரதம் இருந்து, எண்ணெய்த்தன்மையுள்ள அந்த மூலக்கூறைத் தாங்கி நரம்பு முனைக்குக் கொண்டுபோகும். நரம்பு முனையில் இருக்கிற ஏற்பிதான் பூட்டு; மூலக்கூறு சாவி. வேலை முடிந்ததும் மூலக்கூறைச் சிதைக்க நொதிகள் காத்திருக்கும். பழைய வாசனை தங்கிவிட்டால் புதிய வாசனை தெரியாதல்லவா?

பெண்ணின் கொம்பும் சீப்பு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் தன் இனக்கவர்ச்சி வாசனை பெண் பட்டுப்பூச்சிக்கு எட்டுவதே இல்லை. இதை இங்கே அழுத்திச் சொல்லிவைக்கிறேன், பிறகு வேண்டியிருக்கும்.

வாசனையின் பெயர் பாம்பிகால். ஜெர்மனியின் அடால்ஃப் புட்டெனாண்ட் குழு ஏறத்தாழ இருபது வருஷம் உழைத்து, ஐந்து லட்சம் பெண் பூச்சிகளிலிருந்து அதைப் பிரித்து 1959ல் அறிவித்தது. ஒரு பூச்சி தன் இனத்தை அழைக்க விடுகிற இப்படிப்பட்ட வாசனைப் பொருளுக்கு ஃபெரோமோன் என்று பெயர்; ரசாயன அமைப்பு அறியப்பட்ட முதல் ஃபெரோமோன் அதுதான். ஒரே ஒரு மூலக்கூறு போதும், ஒரு நரம்பு செல் துடித்துவிடும் என்று 1970 வாக்கில் கைஸ்லிங், பிரீஸ்னர் என்ற இருவர் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆண் சிறகடிக்கத் தொடங்க ஒரு நொடிக்குள் இருநூறு சொச்சம் துடிப்புகள் வேண்டும். அவ்வளவு கூர்மை.

சரி, கத்தரிக்கு வருவோம். கத்தரியில் குருத்தையும் காயையும் துளைக்கிற பூச்சி சின்னது; சிறகு விரித்தால் இரண்டு சென்டிமீட்டர் வரும். வெள்ளைச் சிறகில் பழுப்பும் இளஞ்சிவப்புமாகத் திட்டுகள். அதன் கொம்பு சீப்பு மாதிரி இல்லை, நூல் மாதிரி. ஆனால் ஏற்பாடு அதேதான். 1980களின் பின்பாதியில் சீனாவிலும் இலங்கையிலும் ஆய்வாளர்கள் அதன் வாசனையின் முக்கியக் கூறைக் கண்டுபிடித்தார்கள். அதன் ரசாயனப் பெயர் ஈ-11-ஹெக்ஸாடெசினைல் அசிடேட். கூடவே துளி அளவு அதன் ஆல்கஹால். நாம் கடையில் வாங்குகிற கத்தரி லூரில், அதாவது பொறிக்குள் மாட்டுகிற வாசனைத் துண்டில், இருப்பது இதுதான், சில மில்லிகிராம் மட்டும்.

இப்போது அண்ணனின் மூன்று வழிகளையும் எடுத்துப் பார்க்கலாம்.

விளக்குப் பொறியைச் சீக்கிரம் தள்ளிவிடலாம். விளக்குக்குப் பூச்சி வருவது ஆசையினால் அல்ல. பறக்கும் பூச்சிகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைத் திருப்பிக்கொள்ளும். வானம் மேலே இருக்கிறது என்று அவை அறிவது அப்படித்தான். நாம் விளக்கைப் பக்கத்தில் வைத்ததும் கணக்குத் தப்பி, அதையே சுற்றிச் சுற்றி விழுகின்றன. அதிவேகக் கேமராவில் படமெடுத்து 2024ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இதில் கொம்புக்கு வேலையே இல்லை. அதனால்தான் விளக்கு ஆண் பெண் பார்க்காது, நல்லது கெட்டது பார்க்காது. காலையில் தட்டைப் பார்த்தால் கத்தரிக்குச் சம்பந்தமே இல்லாத வண்டுகளும், நமக்கு உதவி செய்கிற ஒட்டுண்ணிக் குளவிகளும் சேர்ந்து கிடக்கும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வரத்தும் குறையும். நெல்லில் விளக்குப் பொறிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அங்கேயும் முன்னிரவில் சில மணி நேரம் எரித்துவிட்டு அணைத்துவிடச் சொல்வார்கள், விடியவிடிய எரித்தால் நல்ல பூச்சியும் சேர்ந்து சாகும் என்று. எண்பது சென்ட் கத்தரிக்குச் சில ஆயிரம் கொடுத்து அதை வாங்குவது, வீட்டு எலிக்கு ஊர் முழுக்க வலை விரிக்கிற கதை. அண்ணனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். மானியம் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

இரண்டாவது வழிதான் பலரையும் ஏமாற்றுவது. ஐந்து பொறி நல்லதென்றால் முப்பது இன்னும் நல்லதுதானே? ஆணையெல்லாம் பிடித்துவிட்டால் பெண்ணுக்கு ஏது கரு? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காட்டில் நூறு ஆண், நூறு பெண் என்று வைத்துக்கொள்வோம். முப்பது பொறியும் அருமையாக வேலை செய்து எண்பது ஆண்களைப் பிடித்துவிட்டன. மிச்சம் இருபது. ஆண் அந்துப்பூச்சி ஒருமுறை இணைந்ததோடு ஓய்ந்துபோகிற பிராணி அல்ல, அடுத்தடுத்த இரவுகளிலும் இணையும். இரவுக்கு ஒன்று என்றாலும் ஐந்து இரவில் இருபதும் நூறைப் பார்த்துவிடும். பெண்கள் எல்லாம் ஒரே நாளில் கூட்டை விட்டு வருவதும் இல்லை, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். அதனால் மிச்ச ஆண்களுக்கு நெருக்கடியே கிடையாது. எண்பது சதவீதம் பிடித்தும் முட்டை அப்படியே விழுகிறது என்றால் காரணம் இதுதான்.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. முட்டையிடுவது பெண். லூரோ ஆணின் கொம்போடு மட்டும் பேசுகிற பொருள். பக்கத்துக் காட்டில் ஏற்கெனவே இணைந்து வயிறு நிறைய முட்டையோடு வருகிற தாய்ப்பூச்சி முப்பது பொறிகளுக்கு நடுவிலும் நிதானமாகப் பறந்துபோய், இலையின் அடியில் ஒவ்வொன்றாக முட்டை வைத்துவிட்டுப் போகும். அவளைப் பொறுத்தவரை அவை வெறும் பிளாஸ்டிக்.

இங்கே அண்ணன் குறுக்கிட்டார். "அப்புறம் எப்படித் தென்னந்தோப்புல பக்கெட் வச்சா பொட்டை வண்டும் சேர்ந்து விழுது?" நல்ல கேள்வி. சிவப்புக் கூன்வண்டுக்கு வைப்பது இனக்கவர்ச்சி இல்லை, கூட்டக்கவர்ச்சி. அதை ஆண் வண்டு விடுகிறது. "இங்கே தீனி இருக்கிறது, வாங்க" என்கிற அழைப்பு. ஆண் பெண் இரண்டும் வரும், முட்டையோடு இருக்கிற பெண்ணும் வரும். அதனால் தோப்பில் மொத்தமாகப் பிடிப்பது பலன் தருகிறது. காண்டாமிருக வண்டும் அப்படித்தான். அந்துப்பூச்சியில் அழைப்பது பெண், வருவது ஆண் மட்டும். இரண்டுக்கும் ஒரே கடையில் ஒரே மாதிரி டப்பாவில் லூர் விற்பதால் ஒன்றில் கண்ட பலனை மற்றதிலும் எதிர்பார்க்கிறோம்.

மொத்தப் பிடிப்பு கத்தரியில் பலித்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2000த்தை ஒட்டிய வருஷங்களில் உலகக் காய்கறி மையம் வங்கதேசத்திலும் இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரு திட்டம் நடத்தியது. பத்து மீட்டருக்கு ஒரு பொறி, ஏக்கருக்கு நாற்பது கணக்கில். சேதம் குறையத்தான் செய்தது. ஆனால் அங்கே பொறி தனியாக நிற்கவில்லை. வாடிய குருத்தை வாராவாரம் கிள்ளி அழித்தார்கள். பழைய கத்தரிமாரைக் காட்டோரம் குவித்து வைக்காமல் அப்புறப்படுத்தினார்கள். முக்கியமாக, கண்டபடி மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். நிறுத்தியதும் ட்ரதாலா என்கிற ஒட்டுண்ணிக் குளவி பெருகிப் புழுவைத் தேடிப்போய்த் தாக்கியது. முப்பது பொறியை வாங்கி நட்டுவிட்டு வாரம் இரண்டு மருந்தும் அடிக்கிறவருக்கு அந்தப் பலனில் பாதிகூடக் கிடைக்காது. அண்ணன் வாரம் இரண்டு அடிக்கிறவர்.

மூன்றாவது, கயிறு. இது என் மனத்துக்குப் பிடித்த உத்தி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அண்ணனுக்கு உதவாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆண் அந்துப்பூச்சி பெண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டால், "வாசனை கூடக்கூட அந்தத் திசையில் போகும்" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அப்படியில்லை. ஊதுபத்திப் புகையை ஜன்னலோரம் பாருங்கள். அது சமமாகப் பரவுவதில்லை. இழை இழையாகப் பிரிந்து, நடுவில் வெற்றிடம் விட்டு, முறுக்கிக்கொண்டு போகிறது. பெண்ணின் வாசனையும் காற்றில் அப்படித்தான் போகிறது. ஆணின் கொம்பில் ஓர் இழை படும், நரம்பு துடிக்கும், ஆண் உடனே எதிர்க்காற்றில் முன்னால் பாயும். இழை விட்டுப்போனால் முன்னேறாமல் இடவலமாகக் குறுக்கே பறந்து தேடும். மறுபடி ஓர் இழை பட்டால் மறுபடி பாய்ச்சல். இப்படி விட்டு விட்டுக் கிடைக்கிற துடிப்புகள்தான் வழிகாட்டி. வாசனையை இடைவெளியே இல்லாமல் மேகம் மாதிரி நிரப்பினால் என்ன ஆகும்? 1980களின் தொடக்கத்தில் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வாசனை நிறைய இருந்தும் ஆண் முன்னேறவில்லை. எங்கு பார்த்தாலும் ஒரே அழைப்பு என்றால் எந்தப் பக்கம் போவது?

பருத்திக் கயிறு செய்வது இதைத்தான். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் வாசனை நிரப்பிய கயிற்றை ஏக்கருக்கு 160 போலச் செடிகளில் கட்டுகிறார்கள். மூன்று மாதம் வரை அது காட்டை வாசனையால் நிரப்பி வைத்திருக்கும். சில ஆண்கள் கயிற்றையே பெண் என்று நினைத்துச் சுற்றும். சிலவற்றின் கொம்பும் மூளையும் ஓயாத வாசனையில் மரத்துப்போகும். உண்மையான பெண்ணின் இழை அந்த இரைச்சலில் அமுங்கிப்போகும். எதையும் கொல்லாத மருந்து. பொறிபோல ஆணைப் பிடித்து எண்ணிக்கை குறைப்பதில்லை. உயிரோடு இருக்கிற ஆணையும் வேலைக்கு ஆகாதவனாக்குகிறது. மேலே போட்ட நூறுக்கு இருபது கணக்கு இங்கே செல்லாது, ஏனென்றால் மிச்ச இருபதும் குழம்பித்தான் நிற்கும்.

இந்தப் புழுவுக்கும் நம் நாட்டுக்கும் பழைய உறவு. 1843ல் குஜராத்தின் பரூச்சிலிருந்து போன மாதிரியை வைத்துத்தான் அதற்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்தார்கள். அதன் வாசனையை 1973ல் பிரித்தறிந்தார்கள். 1978ல் அமெரிக்காவில் குழப்பும் பொருளாகப் பதிவானது. பூச்சியைக் குழப்புவதற்கென்று வணிகத்துக்கு வந்த முதல் ஃபெரோமோன் அதுதான். பிறகு கயிறு, மரபணு மாற்றிய பி.டி. பருத்தி, மலடாக்கிய பூச்சிகளை விமானத்திலிருந்து தூவுவது என்று எல்லாம் சேர்த்து அடித்து, 2018ல் தங்கள் பருத்தி நிலத்தில் அந்தப் புழுவே இல்லை என்று அமெரிக்கா அறிவித்தது. இங்கே அதே புழுவோடு நாம் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். அது வேறு கதை.

அங்கே பலித்ததற்குக் காரணம் பரப்பு. மாவட்டம் மாவட்டமாகச் சேர்ந்து செய்தார்கள். எண்பது சென்ட்டில் கட்டினால்? நம் காட்டு ஆண்கள் குழம்பும், சரி. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம், கயிறில்லாத கத்தரியில் பெண் நிம்மதியாக இணைந்துவிட்டு இந்தப் பக்கம் வந்து முட்டையிடும். காற்று அடிக்கிற பக்கத்து ஓரத்தில் வாசனை மேகம் வெளுத்துப்போய், அங்கேயே இணைவதும் நடக்கும். காடு சிறிதாகச் சிறிதாக ஓரம்தான் அதிகம், நடு குறைவு. பூச்சி ஏற்கெனவே பெருத்துவிட்ட காட்டிலும் பலன் குறையும். ஆணும் பெண்ணும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்திருந்தால் வழி தேட வேண்டிய வேலையே இல்லையே. அண்ணன் காட்டில் குருத்து வாட ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிவிட்டது.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஜப்பானில் தேயிலை இலைச்சுருட்டிப் புழுவுக்கு 1983 முதல் இப்படிக் குழப்பும் பொருள் வைத்தார்கள். அந்தப் பூச்சியின் வாசனைக் கலவையில் ஒரே ஒரு கூறை மட்டும் எடுத்துச் செய்தது அது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பலன் தேய்ந்துவிட்டது. அந்த ஒன்றை வைத்துக் குழம்பாத ஆண்கள் பெருகிவிட்டன. முழுக் கலவையையும் கொடுத்த பிறகுதான் மறுபடி பலன் வந்தது. ஆகவே வாசனைக்கும் பூச்சி பழகும். எங்கள் ஊரில் நாற்பது ஐம்பது ஏக்கர் கத்தரிக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் நான் இந்த வழியைப் பற்றி முதல் ஆளாகப் பேசுவேன். ஆனால் தண்ணீர் முறைக்கே சேராத ஊர் இது.

மரபணு மாற்றிய கத்தரியை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. 2010 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அதை நிறுத்தி வைத்தது. வங்கதேசம் 2013ல் அனுமதித்துவிட்டது. நம் கையில் இல்லாத பொருளைப் பற்றித் திண்ணையில் பேசலாம், கொள்முதல் கணக்கில் எழுத முடியாது.

மிச்சம் இருப்பது ஐந்து பொறி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கத்தரிக்கு எக்டேருக்கு 12 என்கிறது. ஏக்கருக்கு ஐந்து வரும். இது பூச்சியை ஒழிக்கிற வழியல்ல, வேவு பார்க்கிற வழி. வேவுக்கு ஆணின் கொம்பைவிடக் கூர்மையான கருவி நம்மிடம் கிடையாது. கத்தரிப் புழு முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்துக்குள் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ போய்த் துளையை மூடிக்கொள்ளும். உள்ளே போனபின் நீங்கள் என்ன அடித்தாலும் அது நனைவது மேல்தோல்தான். முட்டையிட்டு நாலைந்து நாளில் பொரிக்கும். அதாவது அடிக்கவோ, முட்டை ஒட்டுண்ணி அட்டை (பூச்சி முட்டையை அழிக்கிற குட்டிக் குளவிகள் உள்ள அட்டை) கட்டவோ நமக்குக் கிடைப்பது சில நாள் மட்டுமே. அந்தச் சில நாள் எப்போது தொடங்குகிறது என்று காலண்டர் சொல்லாது, மருந்துக்கடை சொல்லாது. இரண்டு மூன்று என்று விழுந்துகொண்டிருந்த பொறியில் திடீரென்று பத்து விழுந்தால் அன்றைக்கே தெரியும். பருத்தியில் இதற்கு எழுதிவைத்த அளவே உண்டு: பொறிக்கு இரவுக்கு எட்டு வீதம் மூன்று இரவு தொடர்ந்து விழுந்தால் நடவடிக்கை எடு என்பார்கள். கத்தரியில் நான் என் காட்டின் போன வாரக் கணக்கோடுதான் ஒப்பிடுவேன். தாவல்தான் முக்கியம், எண்ணிக்கை அல்ல. அண்ணன் வாரம் இரண்டு அடிப்பதில் பாதி அடிப்பு பூச்சியே இல்லாத நாளில் காற்றுக்கு அடிக்கிற அடிப்பு. அதை நிறுத்தினாலே பொறியின் காசு வந்துவிடும்.

ஆனால் இந்த வழியையும் கெடுத்துக்கொள்ள முடியும். நான் கெடுத்திருக்கிறேன். ஒரு வருஷம் தக்காளியும் கத்தரியும் அடுத்தடுத்துப் போட்டிருந்தேன். பொறி மிச்சமாகட்டும் என்று தக்காளிக் காய்ப்புழு லூரையும் கத்தரி லூரையும் ஒரே கையால் எடுத்து ஒரே பொறியில் மாட்டினேன். பத்து நாள் சும்மா தொங்கியது. குருத்தோ வாடிக்கொண்டே வந்தது. "பூச்சியே இல்ல, வேற நோய்" என்று முடிவுகட்டி வேர்ப் பக்கம் வைத்தியம் பார்த்தேன்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. பட்டுப்பூச்சியின் ஒவ்வொரு மயிரிலும் ஒரு நரம்பு செல் அல்ல, இரண்டு இருக்கின்றன. ஒன்று பாம்பிகாலுக்கு. மற்றது பாம்பிகால் என்கிற ஆல்கஹால் உருமாறிய பாம்பிகல் என்ற வேறொரு பொருளுக்கு. முதலாவது துடித்தால் "போ". இரண்டாவதும் சேர்ந்து துடித்தால் ஆட்டம் அடங்கிவிடும். பல அந்துப்பூச்சிகளில் இந்த இரண்டாவது செல், பக்கத்து இனத்தின் வாசனையை அடையாளம் கண்டு "இது உன் ஆள் இல்லை" என்று நிறுத்துவதற்காகவே இருக்கிறது. ஒரே பொறியில் இரண்டு லூர் மாட்டுவது ஒரே நேரத்தில் "வா", "வராதே" என்று இரண்டும் சொல்வது. லூரை விரலால் தொட்டு, அதே விரலால் அடுத்த வகை லூரைத் தொட்டாலும் இதே கதிதான். மூலக்கூறுகளை எண்ணுகிற கொம்புக்கு முன்னால் நம் விரலில் ஒட்டியது மலையளவு. இப்போது நான் உறையைக் கிழித்து லூரை உறையாலேயே பிடித்து மாட்டுகிறேன். லூர் அடுக்கு வெயில் படுகிற அலமாரியில் இருக்கிற கடையில் வாங்குவதில்லை. மிச்சத்தை ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன், வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு. மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை புதிது.

உயரத்திலும் ஒரு தப்பு நடக்கும். கம்பில் தலை உயரத்துக்குக் கட்டிவிடுவார்கள், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியட்டும் என்று. கத்தரிப்பூச்சி ரோட்டில் போகிறவர்களுக்காகப் பறப்பதில்லை. செடியின் மேல்மட்டத்துக்குச் சமமாக லூர் இருந்தால்தான் அதிகம் விழுகிறது என்று வயலில் வைத்தே பார்த்திருக்கிறார்கள். அரை மீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் வரத்துக் குறைகிறது. செடி வளர வளரப் பொறியையும் ஏற்ற வேண்டும். பொறி வகையில் எனக்குத் தண்ணீர்ப் பொறியோ, பசை தடவிய முக்கோணப் பொறியோதான் சரிப்பட்டது. பச்சைக் காய்ப்புழுவுக்கு வைக்கிற நீளப் பையுள்ள புனல் பொறியில் இவ்வளவு சின்னப் பூச்சி ஏறி உள்ளே விழுவது குறைவு. கடையில் முதலில் எடுத்துக் கொடுப்பது அதைத்தான்.

அப்புறம் காற்று. ஆடியில் எங்கள் பக்கம் மேற்கே கணவாய் வழியாக வருகிற காற்றில் வாழையே சாய்ந்துவிடும். அந்த இரவுகளில் வாசனை இழை நார்நாராகக் கிழிந்துபோகும், சின்னப் பூச்சி எதிர்க்காற்றில் முன்னேறவும் முடியாது. பொறியில் பூஜ்யம் என்றால் பூச்சி பூஜ்யம் என்று அர்த்தமில்லை. செடிக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். காற்று தணிந்த முதல் இரவின் கணக்கைத்தான் நம்ப வேண்டும். இன்னொரு இடறலும் உண்டு: காட்டில் இணையாத பெண்கள் நிறைய இருக்கிற நாட்களில் லூருக்குப் போட்டி அதிகம், அப்போதும் பொறியில் குறைவாகவே விழும். அதனால் பொறியை மட்டும் நம்பாமல் வாரம் ஒருநாள் வரப்பில் நடந்து வாடின குருத்தை எண்ண வேண்டும். எண்ணும்போதே கிள்ளியும் விடலாம். ஒரு பையில் போட்டு எடுத்துவந்து எரிக்க வேண்டும். காட்டிலேயே எறிந்தால் புழு அதிலிருந்து இறங்கிச் சருகில் கூடு கட்டிக்கொள்ளும்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அண்ணன் ஒரு நிமிஷம் பேசவில்லை. "அப்ப முப்பது வேணாங்கிற." வேண்டாம். நாலு போதும் உங்கள் எண்பது சென்ட்டுக்கு. உடைந்தால் மாற்ற ஒன்று சேர்த்து ஐந்து வாங்குங்கள். மிச்சக் காசில் குருத்துக் கிள்ள வாரம் ஒரு ஆள் வையுங்கள் என்றேன். ஆள் கூலி என்றதும் முகம் சுருங்கியது. எல்லாருக்கும் அங்கேதான் சுருங்கும். பொறி என்பது ஒருமுறை வாங்கி நட்டுவிட்டு மறந்துவிடுகிற பொருளாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

ஐந்துதான் வாங்கினார். முக்கோணம் இரண்டு, தண்ணீர்ப் பொறி மூன்று. போன வியாழன் காலை ஆறு மணிக்கு போன் வந்தது.

"தம்பி, மேக்கால பொறியில நேத்து ஒண்ணு, இன்னைக்குப் பன்னெண்டு. எல்லாம் ஆம்பளைதானா?"

ஆமாம் என்றேன்.

"சரி. அப்ப பொட்டைங்க இப்ப இலைக்கு அடியில இருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.